மணிக்கட்டுக்குள் ஒரு குறுகிய சந்து

ஆஸ்பத்திரியில் குளுகோஸ் ஏற்றும்போது, "நரம்பே கிடைக்க மாட்டேங்குதும்மா" என்று நர்ஸ் சலித்துக்கொள்வதைக் கேட்டிருப்பீர்கள். அவர் தேடுவது நரம்பை அல்ல, நீலமாக ஓடும் ரத்தக் குழாயை. துணியைப் பிழியும்போது மணிக்கட்டில் கயிறு மாதிரி புடைத்து நிற்கிறதே, அதையும் "நரம்பு இழுத்துக்கிச்சு" என்கிறோம். அது தசையை எலும்போடு கட்டி வைத்திருக்கும் நாண். வைத்தியர் மூன்று விரல் வைத்துப் பார்ப்பது நாடி. அதுவும் ரத்தக் குழாய்தான். அசல் நரம்பு, அதாவது மூளைக்கும் விரலுக்கும் நடுவே சேதி கொண்டுபோகும் தந்திக் கம்பி, இந்த மூன்றுக்கும் பக்கத்தில் சத்தமில்லாமல் உள்ளே கிடக்கிறது. கண்ணுக்குத் தெரிவதில்லை. அது தொந்தரவு கொடுக்கும்போதுதான் அதைப் பற்றி நினைக்கிறோம்.

ஆம்பூரிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். ஷூ கம்பெனியிலிருந்து வரும் அப்பர்களை வீட்டிலேயே உட்கார்ந்து கையால் தைத்துக் கொடுக்கிறவர். "ராத்திரி ரெண்டு மணிக்குக் கை மதமதன்னு ஆகி முழிப்பு வந்துடுது. உதறினா கொஞ்சம் தேவலை. காலையில டம்ளர் கையிலிருந்து நழுவுது. மாமியார் வாயுன்னு சொல்றாங்க. பக்கத்து வீட்டு அக்கா, 'எதுக்கும் போய்க் காட்டு, அந்த வியாதியா இருந்துடப் போவுது'ன்னு காதுல சொன்னாங்க. அன்னையிலிருந்து தூக்கமே போச்சு" என்கிறார். அதே தபாலில் வேலூரிலிருந்து எட்டு மாத கர்ப்பிணி ஒருவரின் கடிதமும் வந்தது. அவருக்கும் கை மரத்துப் போகிறது. குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம்.

"அந்த வியாதி" என்று அக்கா பெயர் சொல்லாமல் விட்டது தொழுநோயை. வேலூர் வட்டாரத்தில் இந்தப் பயத்துக்குப் பழைய காரணம் உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் கையைப் பார்ப்போம்.

உள்ளங்கைக்குச் சற்று கீழே, மணிக்கட்டில், எட்டுச் சின்ன எலும்புகள் சேர்ந்து ஒரு பள்ளம் மாதிரி வளைந்திருக்கின்றன. அதன்மேல் கெட்டியான பட்டி ஒன்று கூரை போட்ட மாதிரி மூடியிருக்கிறது. இந்தச் சந்துக்குள் விரல்களை மடக்கும் ஒன்பது நாண்களும் ஒரே ஒரு நரம்பும் போகின்றன. அதை நடு நரம்பு என்று வைத்துக்கொள்வோம். பத்துப் பேர் நெருக்கி உட்கார்ந்த ஷேர் ஆட்டோவை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் யாராவது இரண்டு பேர் கொஞ்சம் பருத்துவிட்டால் நசுங்குகிறவர் யார்? இருப்பதிலேயே மெத்தென்று இருக்கிறவர்தான். நாண்களைச் சுற்றியுள்ள உறை வீங்கினாலும், உடம்பில் நீர் கோத்தாலும், இடம் கிடைக்காமல் அழுந்துவது நரம்பு.

நடு நரம்பு சேதி கொண்டுபோவது கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி வரைக்கும்தான். சுண்டுவிரல் இதன் வீடு அல்ல. அதற்கு வேறொரு நரம்பு, முழங்கையின் உள்பக்கம் வழியாக வந்து மணிக்கட்டில் சுண்டுவிரல் ஓரமாகப் போகிறது. முழங்கை எங்கேயாவது இடித்தால் "ஷாக்" அடிக்கிறதே, அது இந்த நரம்புதான். ஆகவே "கை பூரா மரத்துப் போச்சு" என்று டாக்டரிடம் சொல்வதைவிட எந்தெந்த விரல் என்று சொல்வது பாதி வேலையை முடித்துவிடும். நிறையப் பேருக்கு இதைக் கேட்டால் சொல்லத் தெரியாது, கவனித்ததே இல்லை. அடுத்த முறை ராத்திரி முழிப்பு வரும்போது உதறுவதற்கு முன்னால் ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பாருங்கள்.

நரம்பை மணிக்கட்டில் கண்டுபிடிக்க டாக்டர்களிடம் பல வழிகள் உண்டு. சிலவற்றுக்குப் பைசா செலவில்லை, சிலவற்றுக்குப் பெரிய மெஷின் வேண்டும். விலை அதிகமானது எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று நினைப்பது தப்பு.

மிகப் பழைய வழி, மேலே தெரியும் அடையாளத்தை வைத்துக் கணக்குப் போடுவது. இப்போதே செய்து பார்க்கலாம். உள்ளங்கையை மேலே திருப்பி, கட்டைவிரல் நுனியைச் சுண்டுவிரல் நுனியோடு சேர்த்து, மணிக்கட்டைக் கொஞ்சம் மடக்குங்கள். நடுவில் கயிறு மாதிரி ஒரு நாண் எழும்பும். நடு நரம்பு அதற்குச் சற்று கீழே, கட்டைவிரல் பக்கமாக ஒதுங்கி இருக்கிறது. கையை மட்டும் மரக்கச் செய்து தையல் போடும் டாக்டர்கள் காலம்காலமாக இந்த அடையாளத்தை வைத்துத்தான் ஊசி போட்டார்கள். உங்கள் கையில் அந்த நாண் எழும்பவில்லையா? பயப்படாதீர்கள். சிலருக்குப் பிறவியிலேயே அது கிடையாது, ஒரு கையில் இருந்து மறு கையில் இல்லாமலும் இருக்கும். அதனால் பிடியில் ஒரு குறையும் வராது. அது இல்லாவிட்டாலும் கை ஓடும் என்பதால்தான், வேறு இடத்தில் நாண் ஒட்டுப் போட வேண்டியிருந்தால் டாக்டர்கள் இதை எடுத்துப் பயன்படுத்திக்கொள்கிறார்கள்.

இந்த முறை சொல்வது, நரம்பு எங்கே இருக்க வேண்டும் என்பதை மட்டும். அது வீங்கியிருக்கிறதா, வேலை செய்கிறதா என்று இதில் தெரியாது. சிலருக்கு நரம்பே மணிக்கட்டில் இரண்டாகப் பிரிந்து வரும். அதுவும் வெளியிலிருந்து தெரியாது.

அடுத்தது விரலால் தடவிப் பார்ப்பது. இந்த விஷயத்தில் வேலூருக்கு ஒரு தனிக் கதை இருக்கிறது.

கொல்லிமலையில் 1914-ல் பிறந்த பால் பிராண்ட் என்ற டாக்டர், 1946-ல் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வேலைக்கு வந்தார். செங்கல்பட்டு தொழுநோய் இல்லத்துக்குப் போனபோது, விரல்கள் மடங்கிப்போன நூற்றுக்கணக்கான கைகளைப் பார்த்தார். தொழுநோயில் சதை தானாக அழுகி விரல் விழுகிறது என்றுதான் அந்தக் காலத்தில் எல்லோரும் நம்பினார்கள். அவர் உட்கார்ந்து ஒவ்வொரு கையாகப் பார்த்தபோது வேறு விஷயம் தெரிந்தது. நோய் தாக்குவது நரம்பை. அதுவும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி அல்ல. முழங்கைக்குச் சற்று மேலே, மணிக்கட்டுக்குச் சற்று மேலே என்று, நரம்பு தோலுக்கு அருகில் வந்து குளிர்ச்சியாக இருக்கும் இடங்களில்தான் வீங்கிக் கெடுகிறது. உணர்ச்சி போன கை சூடு தெரியாமல் அடுப்பிலிருந்து பாத்திரத்தை இறக்குகிறது. ராத்திரி எலி கடித்தாலும் தூக்கம் கலைவதில்லை. இப்படிப் பட்ட காயங்களும் சீழும்தான் விரலைத் தின்கின்றன.

நரம்பு எந்த இடத்தில் கெட்டது என்று தெரிந்ததால் இன்னொரு லாபம் கிடைத்தது. அந்த இடத்துக்கு மேலே கிளை வாங்கும் முன்கைத் தசைகள் பிழைத்திருக்கின்றன. அப்படி நல்ல தசை ஒன்றின் நாணை எடுத்து, செத்துப்போன தசையின் வேலைக்கு மாற்றிக் கட்டிவிட்டால் மடங்கிய விரல் நிமிர்ந்து, கட்டைவிரல் மற்ற விரல்களைத் தொடும். 1940-களின் கடைசியில் வேலூரில் இந்த ஆபரேஷன்கள் ஆரம்பித்தன. 1955-ல் காட்பாடியை அடுத்த கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. 1954-ல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே இந்தக் கை ஆபரேஷன்களைக் கற்றுச் செய்தார். கை ஆபரேஷன் உட்கார்ந்து செய்யக்கூடியது. அந்த வாய்ப்பை அவர் விடவில்லை.

தொழுநோய் ஊழியர்கள் இன்றும் நரம்பை விரலால்தான் முதலில் தேடுகிறார்கள். முழங்கையின் உள்பக்கம் ஒன்று; மணிக்கட்டில் கட்டைவிரலுக்குக் கீழே எலும்பின் மேல் உருளும் மெல்லிய நரம்பு இன்னொன்று. இரண்டு கையையும் ஒப்பிட்டு, ஒரு பக்கம் சணல் கயிறு மாதிரித் தடித்திருக்கிறதா, தொட்டால் வலிக்கிறதா என்று பார்க்கிறார்கள். பழகியவர்கள் தடவும்போது கையைப் பார்க்க மாட்டார்கள், நோயாளியின் முகத்தைப் பார்ப்பார்கள். வலி முகத்தில்தான் முதலில் தெரியும். நம்முடைய நடு நரம்பு மட்டும் நாண்களுக்கு அடியில் ஒளிந்திருப்பதால் மணிக்கட்டில் அவ்வளவு சுலபமாகக் கைக்கு அகப்படாது. கண்ணை மூடச் சொல்லிப் பேனா நுனியாலோ, குறிப்பிட்ட அழுத்தத்தில் வளையும் நைலான் இழையாலோ மெல்லத் தொட்டு, "எங்கே தொட்டேன், காட்டுங்க" என்று கேட்பது இதோடு சேர்ந்த சோதனை.

ஒரு எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு வீட்டில் யாரும் நரம்பைப் பிடித்து அழுத்திப் பார்க்க வேண்டாம். எண்ணெய் போட்டு அழுத்தி நீவிவிடுவதும் வேண்டாம். ஏற்கெனவே நசுங்கியிருப்பதை இன்னும் நசுக்குவதில் என்ன வைத்தியம் இருக்கிறது?

மூன்றாவது வழி, நரம்பைத் தட்டிக் கூப்பிட்டுப் பார்ப்பது. முதல் உலகப் போரில் காயமடைந்த சிப்பாய்களைப் பார்த்த பிரெஞ்சு டாக்டர் டினெல், 1915-ல், அறுந்த நரம்பு திரும்ப வளரும் இடத்தில் தட்டினால் விரலில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும் என்று எழுதினார். அதையே இன்று மணிக்கட்டில் தட்டிப் பார்க்கிறார்கள். இன்னொன்று, இரண்டு மணிக்கட்டையும் ஒரு நிமிஷம் நன்றாக மடக்கி வைத்திருக்கச் சொல்வது. அமெரிக்க டாக்டர் பேலன் பரப்பிய சோதனை இது. அதற்குள் அந்த மூன்றரை விரலில் விறுவிறுப்பு வந்தால் சந்தேகம் பலப்படுகிறது. சந்துக்கு மேலே கட்டைவிரலால் அரை நிமிஷம் அழுத்திப் பிடிப்பதும் உண்டு. இவையெல்லாம் நல்ல சோதனைகள், ஆனால் சத்தியம் செய்யாதவை. நல்ல கையும் சில சமயம் "விர்" என்கிறது. கெட்ட கை பேசாமல் இருந்துவிடுகிறது. நரம்பு ரொம்பவும் கெட்டுப் போயிருந்தால் தட்டினாலும் பதில் வராது. அதைக் "குணமாயிடுச்சு" என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

மின்சாரச் சோதனை என்றாலே நம் பெண்கள் பின்வாங்குகிறார்கள். வேண்டியதில்லை. மணிக்கட்டிலும் விரலிலும் ஒட்டுப் பட்டைகளை வைத்து, சுருக்கென்று சிறு மின்சாரம் கொடுத்து, சேதி இங்கிருந்து அங்கே போக எத்தனை ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடி ஆகிறது என்று அளக்கிறார்கள். சந்துக்குள் நரம்பு அழுந்தியிருந்தால் அந்த இடத்தில் மட்டும் சேதி தாமதமாகும். கொஞ்சம் சுள்ளென்று இருக்கும், அவ்வளவுதான். வயிற்றில் குழந்தை இருக்கும்போதும் இதைச் செய்கிறார்கள். வளையல், மோதிரங்களைக் கழற்றிவிட்டுப் போங்கள்; கையில் எண்ணெயோ க்ரீமோ தடவாதீர்கள். நரம்பு எவ்வளவு கெட்டிருக்கிறது, ஆபரேஷன் தேவையா என்று முடிவு செய்ய இதைப் போல உதவுவது வேறில்லை. ஆனால் தொந்தரவு இப்போதுதான் ஆரம்பம் என்றால் இந்தச் சோதனை "நார்மல்" என்று வரக்கூடும். நார்மல் ரிப்போர்ட்டைக் காட்டி, "உனக்கு ஒண்ணும் இல்லை, எல்லாம் மனப்பிரமை" என்று வீட்டில் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கடைசியாக ஸ்கேன். வயிற்றில் குழந்தையைப் பார்க்கும் அதே ஒலி அலை ஸ்கேன்தான், கையில் வைக்கும் கருவி மட்டும் சின்னது. மணிக்கட்டைக் குறுக்கே பார்த்தால் நரம்பு ஒரு குட்டித் தேனடை மாதிரி தெரிகிறது. விரலை ஆட்டச் சொன்னால் நாண்கள் சரசரவென்று ஓடும். நரம்பு அவ்வளவாக அசையாது. இரண்டையும் பிரித்துக் காட்டும் இந்த அழகுக்காகவே இந்த முறையை எனக்குப் பிடிக்கும். சந்தின் வாசலில் நரம்பின் குறுக்களவு சாதாரணமாக 10 சதுர மில்லிமீட்டருக்குள் இருக்கும். அதற்கு மேல் பருத்திருந்தால், போக வழியில்லாமல் வாசலில் வீங்கி நிற்கிறது என்று அர்த்தம். நரம்பு இரண்டாகப் பிரிந்திருந்தாலும், பக்கத்தில் கட்டி இருந்தாலும் இதில் தெரியும். ஊசி போடும்போது முனை எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே போடலாம். மரக்க வைக்கும் மருந்தும் குறைவாகப் போதும். குறை? நரம்பின் உருவம் தெரிகிறதே தவிர வேலை தெரிவதில்லை. பார்ப்பவரின் கைப்பழக்கத்தையும் பொறுத்தது. பெரிய காந்த ஸ்கேன் இதற்குப் பெரும்பாலும் தேவையில்லை; யாராவது முதலிலேயே எழுதிக் கொடுத்தால் ஏன் என்று கேட்கலாம்.

என்னைக் கேட்டால், எந்த மெஷினுக்கும் முன்னால் இரண்டு நிமிஷம் பொறுமையாக விரல்களைப் பற்றிக் கேட்கிற டாக்டர்தான் முதல் சோதனை. அதிலேயே பாதிப் பேருக்கு விடை தெரிந்துவிடும். சந்தேகம் இருந்தால் ஸ்கேனோ மின்சாரச் சோதனையோ போதும். ஆபரேஷன் என்று வந்தால் மின்சாரச் சோதனையைக் கேட்டு வாங்குவது நல்லது.

இப்போது ஆம்பூர் சகோதரிக்கு. ராத்திரி எழுப்பும் மதமதப்பு, உதறினால் சரியாவது, கட்டைவிரல் பக்கத்து மூன்றரை விரல் என்றால் பெரும்பாலும் அது சந்துக்குள் நரம்பு அழுந்துவதுதான். ஊசியை இறுக்கிப் பிடித்து, மணிக்கட்டை மடக்கி, தோலில் நூலை நாள் முழுக்க இழுக்கும் வேலை இதற்கு வசதி செய்து கொடுக்கிறது. ஷூ கம்பெனிகளில் தையல் மெஷினில் உட்காருகிறவர்கள், குடியாத்தம் பக்கம் பீடி சுற்றுகிறவர்கள் எல்லோருக்கும் இதே சேதி. தைராய்டு, சர்க்கரை, மூட்டு வாதம் இருந்தாலும் வரும். ஆகவே ரத்தப் பரிசோதனையையும் செய்துகொள்ளுங்கள்.

பக்கத்து வீட்டு அக்கா சொன்னதையும் ஒதுக்க வேண்டாம். ஆனால் பயத்தோடு அல்ல. தொழுநோயின் அடையாளம் ராத்திரி எழுப்பும் விறுவிறுப்பு அல்ல, எழுப்பாத மௌனம்தான். உடம்பில் எங்கேயாவது வெளிறிய அல்லது சிவந்த தேமல் இருந்து, அதில் தொட்டால் தெரியாமல் இருக்கிறதா? சுண்டுவிரல் மடங்க ஆரம்பித்திருக்கிறதா? சூடு பட்டது தெரியாமல் கொப்புளம் வந்திருக்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும் அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். 1982 முதல் உலக சுகாதார நிறுவனம் சிபாரிசு செய்துவரும் கூட்டு மருந்து அங்கே இலவசம். 6 மாதமோ 12 மாதமோ சாப்பிட்டால் நோய் குணமாகிறது. கெட்ட நரம்பு திரும்புவதுதான் கடினம். ஆறு மாதத்துக்குள் வந்தால் அதையும் காப்பாற்ற நல்ல வாய்ப்பு உண்டு.

வேலூர் சகோதரிக்கு. குழந்தைக்கு இதனால் ஒன்றுமில்லை. கர்ப்ப காலத்தில் நீர் கோப்பதால் சந்து நெருங்குகிறது. கடைசி மூன்று மாதத்தில் அதிகம். பெரும்பாலோருக்குப் பிரசவத்துக்குப் பிறகு சில வாரங்களில் தானாக விலகிவிடும். திடீரென்று முகமும் கையும் வீங்கி, தலைவலியும் கண் மங்கலும் சேர்ந்தால் அது வேறு. அன்றே டாக்டரிடம் போய் ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். பிரசவத்துக்குப் பிறகு குழந்தையைத் தூக்கும்போது கட்டைவிரல் அடியில் சுளீரென்று வலித்தால் அது நரம்பு அல்ல, நாண் உறையின் வீக்கம். இரண்டையும் குழப்பிக்கொண்டு சத்து ஊசியாகப் போட்டுக்கொள்கிறவர்கள் உண்டு. சத்து குறைந்தவர்களுக்குத்தான் அந்த ஊசி உதவும்.

இருவருக்கும் முதல் வைத்தியம் ஒன்றே. ராத்திரி மணிக்கட்டை மடக்காமல் நேராக வைக்கும் பட்டை ஒன்று மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. ஆறு வாரம் தூங்கும்போது கட்டிக்கொள்ளுங்கள். இறுக்கமாக அல்ல, ஒரு விரல் உள்ளே நுழைய வேண்டும். துணியை முறுக்கிப் பிழிவதை வீட்டில் வேறு யாரிடமாவது கொடுங்கள், ஆண்களுக்கும் கை இருக்கிறது. தைக்கும் வேலையில் அரைமணிக்கு ஒருமுறை கையை நீட்டி விரல்களை விரியுங்கள். பலன் இல்லையென்றால் சந்தில் ஒரு ஊசி, அதற்கும் அடங்காவிட்டால் கூரைப் பட்டியை வெட்டிவிடும் சின்ன ஆபரேஷன். கையை மட்டும் மரக்கச் செய்து முடித்து, அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

காத்திருக்கக் கூடாத அடையாளம் ஒன்று உண்டு. இரண்டு உள்ளங்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கட்டைவிரல் அடிமேட்டைப் பாருங்கள். ஒன்று மற்றதைவிடத் தட்டையாக, குழி விழுந்த மாதிரி இருந்தால், ஜாக்கெட்டுக் கொக்கி மாட்டவோ பொட்டு எடுக்கவோ கட்டைவிரல் ஒத்துழைக்காவிட்டால், பட்டையைக் கட்டிக்கொண்டு ஆறு வாரம் பார்க்க வேண்டாம். அந்த வாரமே கை அல்லது நரம்பு டாக்டரிடம் போங்கள். போகும்போது ஒரு காகிதத்தில் உங்கள் கையை வைத்து வரைந்து, மரக்கும் இடத்தைப் பென்சிலால் தீட்டி, எந்த நேரத்தில் மரக்கிறது, எத்தனை நாளாக என்று பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள்.